வெயிலை வெளியே நிறுத்தும் வீடு

மலாக்காவின் கிளேபாங்கில் செடிகளுக்குக் கண்ணாடி வீடு போட வேண்டும் என்றதும் வேலைக்கு வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கிள், சூடு உள்ளே இருக்கணுமா, வெளியே இருக்கணுமா?" நியாயமான கேள்வி. குளிர் நாட்டுக்காரர்கள் வெப்பத்தைப் பிடித்து அடைக்கக் கட்டுவது அது. இங்கே விடிகாலையிலேயே முதுகு வேர்க்கிறது. மதியம் பெரும்பாலும் 32 டிகிரிக்குக் குறைவதில்லை. கடைசியில் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் கூரை வந்தது. அதன் மேல் பாதி வெயிலை வடிகட்டும் கறுப்பு வலை, பக்கச் சுவரில் அனலை வெளியே தள்ள ஒரு விசிறி. கேமரன் மலையில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே பயிர் வைப்பவர்கள் மழைக்குப் பயந்து போடுகிறார்கள். எனக்கு மழையோடு வெயிலும் பகை. அவ்வளவு செலவும் சில கிழங்குகள் அழுகாமல் இருக்க.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் கிழங்குப் பூவுக்கு யாரும் கூரை போட்டதில்லை. லயத்துக்கு முன்னே ஓடிய கால்வாய் ஓரமாக, வெயில் காய்ந்து ஒரு பெருமழை விழுந்த மூன்றாம் நாள், இளஞ்சிவப்புப் பூக்கள் திமுதிமுவென்று எழுந்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்பது அப்போது யாருக்குத் தெரியும்? புல்லோடு புல்லாக இருந்தது. புல் என்றால் மருந்து. அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். விடியற்காலை பெரட்டு முடிந்ததும் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு பால்மரத்து நிரையில் இறங்கினால், வீடு திரும்பும்போது கை நகமெல்லாம் பழுத்திருக்கும். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியை இந்த நாடு 2020 ஜனவரி முதல் தேதி தடை செய்தது. அம்மாவுக்கு அது பயன்படவில்லை. அந்தப் பூவோ மருந்தில் கருகி, அடுத்த மழைக்கு மறுபடி எழுந்தது. கிழங்கு மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்ததே.

இப்போது அதே பூவை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று வகைவகையாகத் தொட்டியில் வைத்து, கைப்பம்பால் பனி போலத் தண்ணீர் தெளிக்கிறேன். அம்மா பார்த்திருந்தால் தெளிப்பான் ஒரே தலைமுறையில் சுருங்கிவிட்டது என்றிருப்பார்.

கண்ணாடி வீட்டை நான் ஏதோ வெள்ளைக்கார மோகத்தில் பிடித்துக்கொண்டேன் என்று மச்சான் சொல்வதுண்டு. அவருக்கு நான் சொல்லும் பதில்: நம்மை இந்த ஊருக்குக் கூட்டி வந்ததே கண்ணாடி வீடுதான். 1876இல் பிரேசிலிலிருந்து விக்காம் என்பவர் கொண்டுபோன 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கண்ணாடிக்குள் விதைத்தார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிற்பாடு அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவரான ரிட்லி, பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் ரப்பர் போடுங்கள் என்று நச்சரித்து 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். காது கொடுத்தவர் நம் மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் போட்டார். மரம் வளர்ந்தது, பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது, தாத்தா கப்பல் ஏறினார். அந்தக் கண்ணாடிக்குள் விதை முளைக்காமல் போயிருந்தால் மச்சானும் நானும் எங்கோ வேறு ஊரில், வேறு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

சரி, டுலிப்புக்கு வருகிறேன். வீட்டில் சமாதானம் கெட்டது அதனால்தான்.

டுலிப் கிழங்குக்குக் குளிர்காலம் என்று ஒன்று கழிய வேண்டும். 9 டிகிரிக்குக் கீழே பன்னிரண்டு வாரமாவது கிடந்தால்தான் உள்ளே இருக்கும் மொட்டு நீளும். மலாக்காவில் அந்தக் குளிர் கிடைக்கும் ஒரே இடம் குளிர்ப்பெட்டியின் காய்கறித் தட்டு. அதோடு ஆப்பிள் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைக் கருவிலேயே கொன்றுவிடும். "முருங்கைக்காய்க்கு இடமில்ல, ஆப்பிளுக்கு அனுமதியில்ல, வெங்காயம் மாதிரி இருக்கிறதுக்கு மட்டும் ஏசியா?" என்றாள் மனைவி. தட்டு எனக்கும், கதவுப் பக்கம் அவளுக்கும் என்று உடன்படிக்கை ஆனது. இத்தனைக்கும் பூ நான்கு நாள்தான் நிற்கும். நம் சூட்டில் இதழ்கள் முதல் நாளே மல்லாந்து விரிந்து, அப்பளம் போலாகிவிடும். அந்தக் கிழங்கு இங்கே மறு வருடம் பூக்காது; புதிதாக வாங்க வேண்டும்.

டச்சுக்காரர்களுக்கே இந்தப் பூவால் கை சுட்டது. 1637 பிப்ரவரியில் டுலிப் கிழங்கு விலை தலைகுப்புற விழுந்தது. நான்கே வருடத்தில், 1641 ஜனவரியில், போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். கோட்டை, தேவாலயம், சிவப்புக் கட்டடம் எல்லாம் விட்டுப்போனவர்கள் டுலிப்பை விட்டுப்போகவில்லை. ஊரின் வெக்கை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுற்றுலாக்காரர்களுக்காக ஆற்றோரம் ஒரு காற்றாலை மாதிரியை நாம்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகம் ஆக்கிய கிளேபாங்கில் எதுவும் நடக்கும்.

பாட்டி இதையெல்லாம் கேட்டால் சிரித்திருப்பார். சப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்றே பிழைத்த தலைமுறை அவருடையது. 1944-45 குளிர்காலத்தில், அதே போரில், ஹாலந்தில் பசி தாங்காமல் டுலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். பாட்டியைக் கேட்டால் மரவள்ளிதான் தேவலை என்றிருப்பார். அதற்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம்.

கிழங்கை உண்மையிலேயே ஆளத் தெரிந்தவர் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி. ஃபூச்சியான் மாநிலத்துச் சாங்சோ ஊரின் நார்சிசஸ் கிழங்கை வாங்கி, சிறு கத்தியால் பக்கவாட்டில் செதுக்குவார். காயம்பட்ட பக்கம் வளர்ச்சி குன்றுவதால் இலைகள் நண்டுக்கால் போல வளையும். மண்ணே கிடையாது, கூழாங்கல்லும் தண்ணீரும் உள்ள ஒரு கிண்ணம். சீனப் புத்தாண்டு அன்று பூக்க வேண்டும், அதுதான் பந்தயம். மொட்டு முந்திக்கொண்டால் தண்ணீரில் பனிக்கட்டி போடுவார். என் விசிறியையும் வலையையும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பேசியிருக்கலாம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடு முழுக்கச் செடி வளர்க்கும் என் கட்சிக்கு வந்தது. லயத்துச் சாக்கடை ஓரம் யாரும் சீண்டாத கெலாடிச் சேம்பின் சொந்தக்காரச் செடிகளுக்கு இலைக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். கட்டுப்பாடு தளர்ந்தது, விலையும் தளர்ந்தது. டச்சுக்காரன் பாடம் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கிளேபாங் கடற்கரையில் தேங்காய் ஷேக்கோடு நின்று பார்த்தால் எதிர்க்கரை சுமத்ரா. அங்கேதான் 1878இல் பெக்காரி என்ற இத்தாலியர் ஆள் உயரத்தையும் தாண்டும் பிணவாடைப் பூவைக் கண்டார். 1889இல் அது கியூ கண்ணாடி வீட்டில் பூத்தது. இன்றும் அங்கே அதற்கு வெப்பமூட்டிப் பராமரிக்கிறார்கள். அவர்கள் எங்கள் வெக்கைக்குக் காசு கட்டுகிறார்கள், நான் அவர்கள் குளிருக்குக் கட்டுகிறேன். மின்சாரம் விற்பவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

அந்தப் பூவின் ஏழைப் பங்காளி நம் சேனை. லயத்துக் கொல்லையில் ஒருமுறை கிழங்கை வெட்ட மறந்துபோய், இலை வருவதற்கு முன்பே ஊதா நிறத்தில் மொக்கு கிளம்பிப் பூத்தது. செத்த எலியைத் தேடி எங்கள் வீட்டுக் கூரைத் தகரத்தையே பிரித்தார்கள். பாட்டி கண்டுபிடித்து, மண்வெட்டியால் ஒரே போடு. பிறகு மிச்சக் கிழங்கைப் புளி விட்டு வறுவல் செய்தார்.

இப்போது என் வலைக்கூண்டில், ரத்த லில்லிக்கும் அமேசான் லில்லிக்கும் நடுவே, சுட்ட மண் நிரப்பிய பெரிய தொட்டியில் ஒரு சேனை இருக்கிறது. மற்றதெல்லாம் அயல்நாடு, பெயர்ப் பலகையோடு. இது பாசாரில் சமையலுக்கு வாங்கியது. போன வாரம் ஊதா மொக்கு தலைகாட்டியது. தோட்டக்கலை நண்பர்கள் படம் எடுக்க ஈப்போவிலிருந்து வருகிறார்களாம். சீனப் பாட்டியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மனைவி பத்து பெரண்டாமில் தங்கை வீட்டில் தங்குவதற்குத் துணி எடுத்து வைத்துவிட்டாள். போகும்போது வாசம் போனதும் கிழங்கைத் தோண்டி வைக்கச் சொன்னாள்; தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு வறுவல் வைக்கலாமாம்.