அடுத்த காட்டுத் தக்காளி

ஏண்டா பேராண்டி, இந்தப் பெருமூச்சை மொட்டை மாடியில போய் விடக் கூடாதா? மடிவாளாவுல நீ எடுத்திருக்கிற ரூமே இத்துனூண்டு. ரெண்டு பேருக்குக் காத்து பத்த வேண்டாமா?

சரி, உன் வழக்கு என்ன? நீ விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கிற. (அலாரத்துக்கு எந்திரிக்கிறது நான்தான், அது போகட்டும்.) ராயக்கோட்டைப் பள்ளிக்கூடத்துல உன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்த கூட்டாளி எட்டு மணி வரைக்கும் தூங்குறான், பாட்டு கேட்டுக்கிட்டே கோடு எழுதுறான், மேனேஜர் அவன் முதுகைத்தான் தட்டுறாரு. அநியாயந்தான். ஆனா நாலு மணிக்கு எந்திரிச்சவன் புஸ்தகத்தைப் பாத்தியா, அவன் வாட்ஸ்அப்புல வெச்ச ஸ்டேட்டஸைப் பாத்தியா? வரப்பு மேல நின்னு அடுத்த காட்டுத் தக்காளியை எண்ணுறவன் சொந்தத் தக்காளியை எலிக்குத்தாண்டா குடுப்பான்.

கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாது. கிரிக்கெட்டு தெரியும், டீக்கடை ரேடியோ காலத்துல இருந்தே. பம்பாயில சச்சின், வினோத் காம்ப்ளின்னு ரெண்டு கூட்டாளிப் பசங்க. 1988ல ஆசாத் மைதானத்துல ஸ்கூல் மேட்சு. ரெண்டு பேரும் சேர்ந்து 664 ரன், கடைசி வரைக்கும் அவுட்டே ஆகலை. காம்ப்ளி 349, சச்சின் 326. குறைச்சலா அடிச்சவரு சச்சின்தான்! இன்னிக்கு யாராவது அதைச் சொல்லிக் கேலி பண்றாங்களா? ஒருத்தன் அடிச்சா இன்னொருத்தனும் சேர்ந்து ஓடணும், அதுதான் அந்த ஆட்டம். நீயா இருந்தா பிட்சு நடுவுல நின்னு ஸ்கோர்போர்டைப் பாத்து ரன் அவுட்டு ஆகியிருப்ப.

பம்பாய் எதுக்கு, இந்த ஊருக்கே வா. சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல, எம்.ஜி. ரோட்டு முனையில இருக்கிற சர்க்கிளுக்கு என்ன பேரு? அனில் கும்ப்ளே. ஆர்.வி. காலேஜுல இஞ்சினியரிங் படிச்ச புள்ள. லெக் ஸ்பின்னருன்னு பேரு, பந்து திரும்பலைன்னு குறை சொன்னவங்க ஏராளம். அதே காலத்துல ஆஸ்திரேலியாவுல வார்ன்னு ஒருத்தரு, மணிக்கட்டுல வரம் வாங்கி வந்தவரு. பந்து எங்கேயோ குத்தி ஸ்டம்பைத் தேடி வரும். கும்ப்ளே தினுசு வேற. தன் உயரம், தன் வேகம், குத்தினதும் துள்ளுற பந்து, இதை வெச்சே பொழைச்சாரு. 1999ல டெல்லியில பாகிஸ்தான்காரங்க பத்து பேரையும் ஒரே இன்னிங்ஸுல அவரே எடுத்தாரு, 74 ரன்னுக்கு.

வார்னைத் தாண்டினாரான்னு கேப்ப. உன் புத்தி அங்கதானே போகும்! தாண்டலைடா. டெஸ்டுல அவரு 708 விக்கெட்டு, இவரு 619. அதுக்காகச் சர்க்கிள் பேரை மாத்திட்டாங்களா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. கும்ப்ளே முதல் டெஸ்டு ஆடினது 1990. டெஸ்டுல பேட்டைத் தூக்கி முதல் செஞ்சுரி அடிச்சது 2007, லண்டன் ஓவல்ல. பதினேழு வருஷம்! உனக்கு ஒரு அப்ரைசல் போனதுக்கே சோறு இறங்க மாட்டேங்குது. கூத்தைப் பாரு, அந்த இன்னிங்ஸுலயும் இந்தியா எடுத்தது 664. சச்சின், டிராவிட், கங்குலி, லட்சுமணன் எல்லாரும் ஆடினாங்க. நூறைத் தாண்டினது பந்து போடுற ஆளு மட்டுந்தான். 110, நாட் அவுட்டு. உன் கதைக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தமில்ல. சொல்ல ஆசையா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை உன் கூட்டாளியைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. போன்ல பேசுறப்ப, "எப்பப்பா தூங்குவ?"ன்னு சும்மா கேட்டு வெச்சேன். ராத்திரி ஒரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து வேலை பாத்துட்டு அப்புறம்தான் படுப்பானாம். சம்பளம் வாங்காம அவனை உளவு பாக்குறியே, இதை எப்படிடா கோட்டை விட்ட?

களிக்குத் தொட்டுக்க அவரைக்காய்க் குழம்பு வைக்கட்டுமா, கோழியா? கோழின்னா நீதான் போய் வாங்கிட்டு வரணும். அவனுக்குத் தொடைக்கறி பிடிக்கும்.