பன் தின்ற நாய்க்கும் கல்லா?

கேள்வி: தெருவிலிருந்து மீட்டு வளர்த்த நாய் செத்தால், கல் நட்டு மாலை போடுகிறார்களே! இந்தக் காலத்துக் கிறுக்குத்தானுங்களே?
(பீளமேட்டு வாசகர்)

பதில்: காலக் கணக்கில்தான் சுமார் 1,400 வருஷம் பிசகுதுங்க. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற அவன் நாய் கோவிவனும் அதில் உண்டு, உருவத்தோடும் பெயரோடும். ‘அது வீரநாய், இது பேக்கரி வாசலில் பன் தின்ற நாய்’ என்பீர்கள். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் மாட்டுக்கு உருவாரம் (உருவப் பொம்மை) வைக்கிறோமே, எந்த மாடு போருக்குப் போனது? மாடு பால் கறக்கும் என்றால், கும்பிட்டது மாட்டையா, சொம்பையா? ‘அந்தக் காசில் நாலு தெருநாய்க்குக் கருத்தடை செய்யலாமே’ என்றால் மட்டும் நியாயம். கல்லைச் சின்னதாக நட்டு, மிச்சத்தை அதற்குக் கொடுக்கச் சொல்லுங்க.