அரக்குச் சிவப்புக்கு மதிப்பெண் இல்லை

கல்யாண மேடையில் அக்கினிக்குப் போட்டியாக இப்போது இன்னொரு சாட்சி நிற்கிறது: எல்.இ.டி. பேனல். ஹாலஜன் விளக்குக் காலத்தில் மாப்பிள்ளைக்கு வியர்ப்பது ஹோமத்தாலா, வீடியோக்காரராலா என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சூட்டை ஒழித்ததற்காகவே பேனலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பெட்டியில் ‘சி.ஆர்.ஐ. 95+’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் இந்த எண், எட்டு நிறங்களில் வாங்கிய மதிப்பெண்ணின் சராசரி. எட்டும் வெளிறிய நிறங்கள். ஒன்பதாவதான அடர்சிவப்பு, அதாவது ஆர்9, இந்தக் கூட்டலில் சேர்வதே இல்லை. கூறைப்புடவை, குங்குமம், மருதாணி என்று மேடையில் முக்கியமானதெல்லாம் சிவப்பு. பேனலோ அந்தப் பாடத்தை மட்டும் எழுதாமல் முதல் வகுப்பில் தேறியிருக்கும். ஆல்பத்தில் புடவை காப்பிப்பொடி நிறத்தில் வந்தால் பெண்ணின் அம்மா ஜவுளிக்கடைக்காரரைத்தான் திட்டுவார். பாவம் அவர்.

மலிவான பேனல்களில் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் விளக்கை வேகவேகமாக அணைத்து எரியவிடுவதுதான். கண்ணுக்குத் தெரியாது, எலக்ட்ரானிக் ஷட்டருக்குத் தெரியும். மாமனார் முகத்தில் பட்டைபட்டையாக விழும். திருநீறு என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

தூரம் இன்னொரு வில்லங்கம். மணமக்களிடமிருந்து 1 மீட்டரில் நின்ற சின்ன பேனலை 2 மீட்டருக்குத் தள்ளினால் மிஞ்சுவது ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம். வாழ்த்த வரும் பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. “தம்பி, கண்ணு கூசுது, அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பா” என்கிறார். தம்பி தள்ளி வைக்கிறார், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுகிறார். பெரியப்பா சாவகாசமாக மொய்க் கவரைத் தேட ஆரம்பிக்கிறார்.