ஓ.பி. படித்தலும் ஓ.பி. அடித்தலும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எம்.பி.ஏ. படிப்பில் 'ஆர்கனைசேஷனல் பிஹேவியர்' என்றொரு தாள் உண்டு. ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்ததும் மனிதர்கள் ஏன் இப்படி ஆகிவிடுகிறார்கள் என்று விசாரிக்கிற பாடம். 'நிறுவன நடத்தையியல்' என்று தமிழாக்கலாம். படிக்கிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஓ.பி. என்பார்கள். வேலை பார்க்கிற பாவனையில் வேலை பார்க்காமல் இருக்கும் கலைக்கும் நம் ஊரில் அதே பெயர்தான். 'அவன் ஓ.பி. அடிக்கிறான்' என்றால் யாருக்கும் உரை எழுத வேண்டியதில்லை. முன்னதற்குப் பரீட்சை உண்டு, பின்னதற்கு இல்லை. இதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வாளரும் ஆய்வுக் களமும்

இவ்வாய்வாளர் கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். வயது 41. அவருக்கு மேலே புதிதாக வந்து உட்கார்ந்த மேனேஜருக்கு வயது 26, கையில் எம்.பி.ஏ. இதைப் பற்றி வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. நான்காம் நாள் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்புக்குப் பணம் கட்டியாயிற்று.

சனி, ஞாயிறு மாலை 7 மணி முதல் 9 மணி வரை நேரலை வகுப்பு. களம், வீட்டு ஹால். கருவிகள்: மகனின் படிப்பு மேஜை, செல்போன் சாய்ந்து நிற்க ஓர் எவர்சில்வர் சொம்பு, வலது காது மட்டும் கேட்கும் ஹெட்போன் ஒன்று.

இணையவழிப் படிப்புக்கு நான்கு அங்கங்கள் இருக்க வேண்டும் என்பது விதி: வீடியோ பாடம், படிக்கும் பாடம், கலந்துரையாடல், சுயமதிப்பீடு. வீடியோ ஓடும். பாடம் டவுன்லோடு ஆகும். கலந்துரையாடலில் ஒருவர் ஏதாவது சொல்ல, மற்றவர்கள் 'மேற்கண்ட கருத்தை ஆமோதிக்கிறேன் சார்' என்று எழுதுவார்கள். சுயமதிப்பீட்டைப் பற்றி இக்கட்டுரையின் இறுதியில் பேசுவோம்.

முன்னோர் ஆய்வுகள்

நிர்வாகவியலின் ஆதிநூல்களில் ஒன்று, அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்'. ஸ்டாப் வாட்சும் கையுமாகத் தொழிலாளர் பின்னால் நின்றவர் அவர். பெத்லஹேம் இரும்பாலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12.5 டன் இரும்பு தூக்கிய இடத்தில் 47.5 டன் தூக்க வைத்ததாக எழுதினார். அந்த நூலை எடுத்த எடுப்பில் அவர் புலம்புவது ஓ.பி.யைப் பற்றித்தான். வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதற்கு அமெரிக்காவில் இன்ன பெயர், இங்கிலாந்தில் இன்ன பெயர், ஸ்காட்லாந்தில் இன்ன பெயர் என்று நாடுவாரியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தமிழ்நாட்டுப் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. நூறாண்டுக்கும் மேலான அந்தக் குறை இக்கட்டுரையால் நீங்குகிறது.

டெய்லர் ஓ.பி.யை இரண்டாகவும் பிரித்தார். உடம்பு வளையாததால் வருவது இயற்கை ஓ.பி. நாலு பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு செய்வது முறைசார்ந்த ஓ.பி. முன்னதை மன்னித்துவிடலாம், பின்னதுதான் ஆபத்து என்பது அவர் கட்சி.

அந்த இரண்டாம் வகையைக் கண்ணால் பார்த்தவர்கள் சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலைக்காரர்கள். 1931-32இல் அங்கே டெலிபோன் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் கூலி அதிகம். ஆனாலும் நாளொன்றுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதைத் தாண்டி வேகம் காட்டியவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து விழும். நோட்டும் பென்சிலுமாக ஓர் ஆய்வாளர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். பார்க்க ஆள் இருக்கும்போதே ஓ.பி. அடிப்பது கலையின் உச்சம்.

பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் கயிறு இழுக்கவிட்டுப் பார்த்தார். 1913இல் வெளியான அவர் கணக்குப்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் கயிற்றுக்குப் போகிறது.

1979இல் அமெரிக்காவில் லட்டானே முதலிய மூவர் கயிற்றை விட்டுவிட்டுக் கத்தலுக்கு வந்தார்கள். மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, 'உன்னோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்' என்று சொன்னார்கள். உண்மையில் கத்தியது அந்த ஓர் ஆள் மட்டுமே. ஆறு பேர் என்ற நினைப்பிலேயே அவர் சத்தம், தனியாகக் கத்தியபோது இருந்ததில் 74 சதவீதமாக இறங்கிவிட்டது. 'சமூகச் சோம்பல்' என்று இதற்குப் பெயரிட்டார்கள்.

கண்ணில் யாரும் தெரியாது, காதில் ஹெட்போன், கூட ஐந்து பேர் இருப்பதாக ஒரு நம்பிக்கை. இணையவழி வகுப்பு 1979லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

கண்டறிந்தவை

ஒன்று: கேமரா. அதே ஹாதார்னில் 1924 முதல் விளக்கு வெளிச்சத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதன் மாறிவிடுகிறான் என்று பாடநூல்கள் இதிலிருந்து முடிவு கட்டுகின்றன. பெயர் 'ஹாதார்ன் விளைவு'. எங்கள் வகுப்பின் அனுபவம் இதில் ஒரு திருத்தம் கோருகிறது. கவனிக்கப்படும் பகுதி மட்டுமே மாறுகிறது. 'கேமரா ஆன் பண்ணுங்க' என்று சார் சொன்ன மறுநிமிடம் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு எல்லாம் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை, முன்வரிசை மாணவர் ஒருவர் சார்ஜர் எடுக்க எழுந்தார். ஹாதார்ன் விளைவின் எல்லைக்கோடு இடுப்பில் இருப்பதையும், அதற்குக் கீழே பச்சைக் கட்டம் போட்ட லுங்கி இருப்பதையும் வகுப்பு முழுவதும் கண்டது.

இரண்டு: தகவல் தொடர்பு. செய்திக்கும் கேட்பவருக்கும் நடுவே இரைச்சல் புகும் என்று கிளாட் ஷானன் 1948லேயே சொன்னார். எங்கள் வகுப்பில் இரைச்சலுக்கு நடுவேதான் அவ்வப்போது செய்தி புகும். 'ஆடிபிளா?', 'வாய்ஸ் கட் ஆகுது சார்', 'யாரோ மியூட் பண்ணலைங்க' ஆகிய மூன்றும் முடியவே கால் மணி நேரம் ஆகும். இடையில் யார் வீட்டுக் குக்கரோ இரண்டு விசில் விடும். மூன்றாவது விசிலுக்குச் சாரும் காத்திருப்பார்.

ஊக்குவிப்புக் கோட்பாடு நடந்துகொண்டிருந்த ஒரு மாலை, 'ஏனுங்க, கிளாஸ்லதான இருக்கீங்க? சும்மா கேட்டுட்டே இந்த வெங்காயத்த உரிச்சுக் குடுங்க' என்று வீட்டுக்காரி முறத்தை நீட்டினார். அம்மா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். 'ஏங்கண்ணு, அந்த வாத்தியாரு ஒருத்தரே பேசிட்டிருக்காரு, பாவம். நீயும் ஒரு வார்த்த பேசுனா என்ன?' ஆய்வாளரின் மைக் அப்போது ஆனில் இருந்தது. அன்று முழு வகுப்பும் கேட்டுப் புரிந்துகொண்ட வாக்கியம் அது ஒன்றே.

மூன்று: குழு. பருவ நடுவில் ஓர் அசைன்மென்ட் வந்தது. தலைப்பு, 'குழுப்பணியின் நன்மைகள்'. ஆறு பேர் கொண்ட குழு, 15 ஸ்லைடு, பத்து நாள், 20 மதிப்பெண். 'ஓ.பி. குரூப் 7' என்று வாட்ஸ்அப் குழு தொடங்கப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை.

குழு என்பது கூடுதல், மோதல், இசைதல், இயங்கல் என்று நான்கு கட்டமாக வளரும் என்றார் ப்ரூஸ் டக்மன், 1965இல். எங்கள் குழு முதல் நாள் கூடியது; கைகோத்த படம் ஒன்று முகப்பில் ஏறியது. மோதல் வரவில்லை. மோதுவதற்கும் யாராவது ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். எட்டு நாள் 'குட் மார்னிங்' பூக்களோடு இசைவு நிலவியது. இந்த எட்டு நாளில் ஓ.பி.யின் வகைகளைத் தொகுக்க முடிந்தது.

'ஓகே', 'டன்', கட்டைவிரல் இவற்றோடு நிற்பது ஆமோதிப்பு ஓ.பி. வேலை பிரிக்கும் பேச்சு எழுந்த நிமிடத்தில் சிக்னல் போய், பிரித்து முடித்ததும் திரும்புவது நெட்வொர்க் ஓ.பி. உறவில் ஒருவர் தவறிவிடுவது துக்க ஓ.பி.; எங்கள் குழுவில் ஒருவருக்கு இரண்டு பருவத்தில் மூன்று பெரியப்பாக்கள் தவறினார்கள். 'வேற லெவல்ல பண்ணணும் மக்களே, சும்மா பாயின்ட் பாயின்டா போடாம கதை மாதிரி கொண்டு போகணும்' என்று ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது ஆலோசனை ஓ.பி.; நான்கிலும் மதிப்பு மிக்கது இதுவே, பதவி உயர்வு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கிறது. ஐந்தாவதாகவும் ஒரு வகை உண்டு. அதைப் பின்னர் காண்க.

ஆறாவது உறுப்பினர் எந்த வகையிலும் அடங்கவில்லை. துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிற அக்கா. இரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கு அம்மா. ஒன்பதாம் நாள் இரவு 11.40க்கு அவர் குழுவில் ஒரு ஃபைல் போட்டார். 14 ஸ்லைடு. 'பாப்பா தூங்குனப்புறம்தான் உக்கார முடிஞ்சுது. தப்பு இருந்தா சொல்லுங்க' என்று கீழே ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் ஐந்து கட்டைவிரல்கள் விழுந்தன. இயங்கல் கட்டம் நிறைவுற்றது.

மறுநாள் வழங்கியது, குரல்வளம் கருதி, ஆலோசனைக்காரர். அக்கா இரண்டு முறை 'ஆடிபிளா சார்?' என்றார், அதோடு சரி. சார் மகிழ்ந்துபோய் 'எக்ஸலன்ட் டீம் வொர்க்' என்றார். ஆறு பேருக்கும் 20க்கு 18.

விவாதம்

தமிழ்நாட்டில் மேலாண்மை சொல்லித்தரும் எவரும் திருக்குறளின் 52ஆம் அதிகாரமான 'தெரிந்து வினையாட'லைத் தொடாமல் பருவத்தை முடிப்பதில்லை. இன்ன வேலையை இன்னாரிடம் கொடு என்று ஆராய்ந்து ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம். எங்கள் குழு அதை அறிந்தே பின்பற்றியது. யார் செய்துவிடுவார் என்று ஐவரும் தனித்தனியே ஆராய்ந்து, பேசிக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்தோம்.

ரிங்கெல்மன் நம் ஊர்த் தேர்த் திருவிழா ஒன்றைப் பார்த்திருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. ஊர் கூடும் என்பதும் உண்மை. வடத்தைப் பிடித்து உடம்பைச் சாய்த்து இழுப்பவர்கள் சிலர். நகர்கிற வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு கூடவே நடப்பவர்கள் பலர். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகுபவர்கள் இன்னும் பலர். சக்கரத்தடியில் உயிரைப் பணயம் வைத்து முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தேர் நிலைக்கு வந்ததும் புண்ணியம் எல்லோருக்கும் ஒரே அளவு. சாமி அப்படித்தான் கொடுக்கும். அது சாமியின் பெருந்தன்மை. மதிப்பெண் பட்டியலும் அப்படியே கொடுத்தால் அதற்குப் பெருந்தன்மை என்று பெயரில்லை.

ஆய்வின் வரம்புகள்

இனி சுயமதிப்பீடு. பதினைந்து ஸ்லைடில் அக்கா செய்தது 14 என்று மேலே குறித்தோம். பதினைந்தாவதைச் செய்தவர் இவ்வாய்வாளர். அது 'நன்றி' ஸ்லைடு. நீலப் பின்னணி, வலது மூலையில் ரோஜா, எழுத்து ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து உட்காரும். நாற்பது நிமிட உழைப்பு. ஐந்தாவது வகையான அலங்கார ஓ.பி. இதுவே. இதை அடிப்பவருக்குத் தான் அடிக்கிறோம் என்பதே தெரியாது. பிறரைவிட அதிகம் உழைத்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஸ்லைடில் சாருக்கு நன்றி இருந்தது, பல்கலைக்கழகத்துக்கு நன்றி இருந்தது. அக்கா பெயர் இல்லை.

முடிவும் பரிந்துரையும்

இதற்கு மருந்தும் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 1979இல் கத்தவிட்ட அதே மூவர், 1981இல் இன்னொரு சோதனை செய்தார்கள். கூட்டத்தோடு கத்தினாலும் ஒவ்வொருவர் சத்தமும் தனியே அளக்கப்படும் என்று சொல்லிவிட்டால், யாரும் குரலைக் குறைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் செய்தவர் பெயரைப் போட வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.

இதைச் சாருக்கு ஒரு கடிதமாக எழுதி அனுப்பலாமா என்று நேற்று குழுவில் கேட்டேன். நான்கு கட்டைவிரல்கள் உடனே விழுந்தன. சற்றுக் கழித்து, 11.40க்கு, அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: 'நல்ல ஐடியாங்க அண்ணா. டிராஃப்ட் நான் போட்டுத் தரட்டுமா?'