வீடு காப்பியல்: கருக்களாச்சேரி வழக்கு

வீடு காத்தல் என்பது, உடையவர் ஊரில் இல்லாதபோது உடையவர் அல்லாத ஒருவர் அவ்வீட்டில் இரவு படுத்து, பகலில் கோழிக்குத் தீனி போட்டு, நடுவே வரும் பழிகளைச் சுமப்பது. காரைக்கால் கடலோரத்துக் கருக்களாச்சேரியில் இது புறக்காவல், அகக்காவல் என இருவகைப்படும். முன்னது திண்ணையில் இருந்தபடி வீட்டைப் பார்ப்பது. பின்னது உள்ளே போய் அலமாரியையும் பார்ப்பது.

காலம் பற்றி வகுப்பின் மூன்று. கலியாணக்காவல் ஓரிரவு. வேளாங்கண்ணிக்காவல் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் இடைப்பட்டது. மூன்றாவது பிரான்சுக்காவல். காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறியது. சட்டப்படி அது முற்றுப்பெற்றது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் பேரப்பிள்ளை பிறக்கும்தோறும் இங்கே ஒரு வீடு பூட்டப்படுகிறது. இவ்வகை நகரத்தில் மிகுதி. கடலோரத்தில் அருகிய வழக்கு.

முன்னேற்பாடுகளுள் சிலிண்டரை மூடுதல், மோட்டார் சுவிட்சைக் காட்டுதல், நகையை இடம் மாற்றுதல் ஆகியன முதன்மையானவை. நகை எங்கே மாற்றப்பட்டது என்பதில் தெளிவில்லை. திரும்பி வந்தபின் மாற்றியவரே தேடுகிறார்.

இனி உயிரினங்கள். கோழியை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஆடு வரும், போகும். நாய் வாசலில் கிடக்கும்.

பூனை விரிவாக ஆராயத்தக்கது. மொட்டைமாடியில் கருவாடு காயும் வீட்டில், பூனையும் கருவாடும் ஒரே ஆளிடம், ஒரே மூச்சில் ஒப்படைக்கப்படுகின்றன: “பூனையப் பட்டினி போட்டுறாத சித்தி, கருவாட்டப் பாத்துக்க.” இதற்கு உரை மூன்று. பூனையின் வயிற்றை நிரப்பிவிட்டால் கருவாடு தப்பும் என்பது முதல் கொள்கை (திண்ணை, முன்மாலை). இரண்டும் அடுத்தடுத்துச் சொல்லப்பட்டமையால் கருவாடு பூனைக்கே என்பது இரண்டாவது (குழாயடி, இரண்டாம் குடம் நிரம்பும் முன், மீன் விற்கும் பெரியம்மா கூடையை இறக்கி வைத்தபின் சொன்னது இதற்கு மாறுபடும், ஒப்புநோக்குக: அவர் மருமகள், அடுப்படி, தாழ்ந்த குரல், முழுவதும்). மூன்றாம் கொள்கை பூனையுடையது. அதற்கான சான்றுகள் உண்ணப்பட்டுவிட்டன.

இடர்ப்பாடு பெருகுவது ஆட்டோ கிளம்பிய பின்தான். “மோட்டாரு காலைல ஒருதரம், பூனைக்கு ரெண்டு வேள, நெறஞ்சதும் நிறுத்திரு, தொட்டிக்குப் பக்கத்துல வச்சா திங்காது” என்று உடையவர் தலையை நீட்டிச் சொல்லும்போது எதை நிறுத்துவது, எதை வைப்பது? நன்னூல் கூறும் எட்டுப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு இங்கே கைகொடுக்கும். 103 அடி முல்லைப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஓரடிச் சொல்லைத் தொலைவிலுள்ள இன்னோர் அடிச் சொல்லோடு கொண்டுபோய் முடித்தார். மறைமலையடிகள் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் நகரும் ஆட்டோவிலிருந்து மூலபாடம் கிடைத்ததில்லை. இக்கால ஆய்வேடுகளுக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மூலத்தைத் திறக்காமலே உரை முடிந்துவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. இந்த 61 நாளில் காவலை ஏற்பவர் தீர யோசித்து ஏற்க வேண்டும். தட்டில் காரப்பொடி மீன் இருந்த இடத்தில் தயிர்ச்சோற்றைக் கண்டால் பூனை அதை மோந்து பார்க்கும். முன்னங்காலால் தரையை இரண்டு முறை சுரண்டி மூடப் பார்க்கும். பிறகு நிமிர்ந்து காவலரை ஒரு பார்வை பார்க்கும். அப்பார்வை தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் முந்நூறு பக்கம் தேறும். அதில் இருநூறு, பூனை பற்றிய முன்னுரை.

மழைக்காலக் காவலுக்கு விதி ஒன்றே: கருவாட்டை உள்ளே எடு. பூனை தானே வந்துவிடும்.

காவலுக்குக் கூலி கிடையாது. வேளாங்கண்ணியிலிருந்து மெழுகுவத்தியும், பிரான்சிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலும் வரலாம். குறைந்துபோன கருவாட்டுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. அடுத்த கலியாணத்துக்குச் சித்தி கிளம்பும்போது, அவர் வீட்டில் படுக்கப்போவது இந்த உடையவர்கள்தான்.