பேய் அல்ல, பிரிஸ்பேன்!

கேள்வி: இப்போதுதான் வந்த மெயிலையும் ஒரு மணி நேரம் முன்பே வந்ததாகக் காட்டுகிறதே, என் லேப்டாப்புக்குப் பேய் பிடித்துவிட்டதா?
– வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி

பதில்: பேய் அல்ல, பிரிஸ்பேன்! அக்டோபர் முதல் ஞாயிறன்று கோடை நேரத்துக்காக சிட்னியும் மெல்போர்னும் ஒரு மணி நேரம் முன்னே தாவும், பிரிஸ்பேன் அசையாது. விண்டோஸின் நேர மண்டலப் பட்டியலில் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் +10:00 என்றே இருக்கும். பிரிஸ்பேனைத் தொட்டுவிட்டு, கடிகாரத்தைக் கையால் திருத்தியிருப்பீர்கள். மெயில் நம்புவது நேர மண்டலத்தை, உங்கள் கையை அல்ல. ‘கான்பெரா, மெல்போர்ன், சிட்னி’யைத் தேர்ந்தெடுத்து, தானியங்கி நேரத்தை ஆன் செய்யுங்கள்.

கோடை நேரத்தில் கம்ப்யூட்டர்கள் குழம்புவது புதிதல்ல. 2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டிக்காகக் கோடை நேரத்தை ஒரு வாரம் நீட்டினார்கள். அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள் சேதி தெரியாமல் முன்கூட்டியே பின்வாங்கின.

உங்கள் லேப்டாப்பைச் சரிசெய்யும்வரை மேனேஜருக்குப் பதில் அனுப்பாதீர்கள். பத்து மணிக்கு அனுப்பியது பதினொன்று என்று போய்ச் சேரும். லேட்டாக வருவதற்கே திட்டுபவர், எதிர்காலத்திலிருந்து வந்தால் விடுவாரா?