விளம்பரப் பிராணிகள்: மதுரைச் சீமையை முன்வைத்து ஒரு விசாரணை

விளம்பர சாஸ்திரத்தில் பண்டிதர்கள் கவனியாது விட்ட ஒரு நியதி உண்டு. சரக்கை விற்பதற்கு வீட்டு முற்றத்துப் பிராணியும், மனிதனை விற்பதற்கு எவரும் நேரில் கண்டிராத பிராணியுமே உகந்தவை என்பது அது.

முதற் பகுதிக்குப் பிரமாணம் சிவகாசியில் இருக்கிறது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று வந்து, 1923-ல் அத்தொழிலைத் தம் ஊரில் தொடங்கிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும், பின்னர்த் தனித்தனியே பிரிந்தபோது, ஒருவர் அணிலையும் மற்றவர் காக்கையையும் சின்னமாக வரித்துக்கொண்டனர். சிங்கமும் கருடனும் இருக்க இவையா என்று வீரரசப் பிரியர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் எழுத்து வாசனையே அறியாத கிழவி, தன் முருங்கை மரத்தில் தினந்தோறும் காணும் ஜீவனைப் படத்தில் அடையாளம் கண்டு, "அணில் மார்க் ஒண்ணு குடுப்பா" என்று கேட்ட மாத்திரத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. பாண்டியரும் தம் காசில் கயலையே பொறித்தனர். வைகையில் மீன் இருந்தமைக்கு அதையும் ஒரு சாட்சியாகக் கொள்ளலாம்.

இனி இரண்டாம் பகுதி. மதுரை வீதிகளில் காதணி விழாவுக்கென எழும் பிளக்ஸ் பலகைகளில், குளிர்கண்ணாடி அணிந்த தாய்மாமன்மாரின் இருமருங்கிலும் சிங்கங்கள் கர்ஜிக்கின்றன. நம் நாட்டுச் சிங்கமோ கூர்ஜரத்தை விட்டு அகலாதது. புலியோ, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடு 2021-ல் புலிகள் காப்பகமான பின்பும், மதுரைக்கு வந்து மொய் எழுதியதாகத் தகவல் இல்லை. காட்சிக்கு அரிதாக இருப்பதே அவற்றின் யோக்கியதை. அலங்காநல்லூர், பாலமேட்டுக் காளை மட்டும், தொழுவத்தில் கட்டிக் கிடந்தும், பலகையில் சிங்கத்துக்குச் சமமான ஆசனம் பெறுகிறது. அது வாடிவாசல் தந்த விசேஷ சலுகை.

பிரியாணிக் கடை ஆடு தனி ரகம். தலையில் சமையற்காரரின் வெள்ளைத் தொப்பியும் முகத்தில் மந்தஹாசமுமாக, தன் மாமிசத்தின் ருசிக்குத் தானே நற்சான்று வழங்கும் அந்த ஆத்ம நிவேதனத்துக்கு ஈடாக, பக்தி சரித்திரங்களிலும் அதிக உதாரணம் அகப்படாது. ஆட்டின் சம்மதம் பெறப்பட்டதா என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சியது கழுதை. நான் கண்டவரை அதன் முகத்தை எந்தச் சரக்கின் மீதும் அச்சிட்டதில்லை. எந்தத் தாய்மாமனும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. ஆயினும் "என்னைப் பார் யோகம் வரும்" என்ற வாசகத்துடன், கல்லாப்பெட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் வீற்றிருந்து வருவோரை வரவேற்பது அதுவே. விற்பதற்கு ஒன்றுமில்லாத அந்த விளம்பரம் வேறொரு கட்டுரைக்கு உரியது.